விசைப்படகும் சேமக்கலமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

நம் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்கள் செய்யும் சோதனைகளுள் ஒன்று, மின்னழுத்தமானியைக் கொண்டு ஒரு மின்கலத்தின் அகமின்தடையைக் காண்பது. நானும் அதைச் செய்தேன். விடை சரியாக வந்தது; பதிவேட்டில் கையொப்பமும் கிடைத்தது. ஆனால் அகமின்தடை என்பது எதற்காக அறியப்பட வேண்டும் என்ற கேள்வி அன்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கு விடை கிடைத்தது ஆய்வகத்தில் அன்று. கோடியக்கரைக்குக் கிழக்கே, கடலில், ஒரு விடியற்காலையில்.

என் தந்தை விசைப்படகு ஓட்டுநர். எங்கள் கடற்கரை ஊர்களில் படகு, எஞ்சின், வலை ஆகியவற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் எஞ்சின் அறையின் மூலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும் பேட்டரியைப் பற்றி, அது கைவிடும் நாள் வரை ஒருவரும் பேசுவதில்லை. ஒரு படகுக்குப் பேட்டரியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது என்பவற்றை நான் கற்றறிந்த அளவில் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறேன்.

நடந்தது என்ன?

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து படகுகள் முதன்முறையாகக் கடலுக்குச் சென்றபோது, கல்லூரி விடுமுறையில் இருந்த நானும் தந்தையுடன் சென்றிருந்தேன். மாலையில் மடி ஏதோ பாரில் சிக்கிக் கிழிந்துவிட்டது. நங்கூரம் இட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு, இரவு எட்டு மணி முதல் விடியற்காலை ஐந்து மணி வரை விளக்கு வெளிச்சத்தில் வலையைச் சரி செய்தார்கள். இரண்டு பழைய குண்டு விளக்குகள், ஒவ்வொன்றும் 60 வாட். ஜி.பி.எஸ். கருவியும் வயர்லெஸ்ஸும் உடன் இயங்கிக்கொண்டிருந்தன.

ஐந்து மணிக்கு எஞ்சினைத் தொடக்கச் சாவியைத் திருப்பியபோது ‘டக்’ என்ற ஓர் ஓசை மட்டுமே வந்தது. படகில் இருந்தவர்கள் அனைவரும் ஒரே குரலில் சொன்னது: “விளக்கு எரியுதே, பேட்டரிக்கு என்ன?” மங்கலாக இருந்தாலும் விளக்கு எரியத்தான் செய்தது. ஆகவே குறை தொடக்கி மோட்டாரில்தான் என்று எண்ணி, அதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். பயனில்லை.

அதற்குள் தென்மேற்குக் காற்று வலுத்தது. நங்கூரம் தரையைப் பற்றாமல் இழுபடத் தொடங்கியது. 1974, 1976 ஆம் ஆண்டு உடன்பாடுகளால் வகுக்கப்பட்ட இந்திய - இலங்கைக் கடல் எல்லை எங்களுக்குத் தொலைவில் இல்லை. அந்தக் கோடு கடலில் கண்ணுக்குத் தெரிவதன்று, ஜி.பி.எஸ். திரையில் மட்டுமே தெரியும். அந்தத் திரையும் அதே பேட்டரியில்தான் ஓடியது. உதவிக்கு அழைக்க வேண்டிய வயர்லெஸ்ஸும் அதே பேட்டரியில்தான். தந்தை உடனே எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொன்னார். வயர்லெஸ்ஸை மட்டும் வைத்துக்கொண்டு இருமுறை அழைத்தார். இரண்டாம் முறை பேசும்போதே கருவி ஓய்ந்துவிட்டது. நல்ல வேளையாக முதல் அழைப்பை அருகிலிருந்த எங்கள் ஊர்ப் படகு ஒன்று கேட்டிருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து அவர்கள் வந்து, தங்களிடமிருந்த மாற்றுப் பேட்டரியைக் கயிற்றில் கட்டி இறக்கித் தந்தார்கள். அதைப் பூட்டியதும் எஞ்சின் முதல் திருப்பிலேயே இயங்கியது. அந்த இரண்டு மணி நேரமும் எங்களில் ஒருவரும் பேசவில்லை.

சேமக்கலம் இயங்கும் விதம்

1800 ஆம் ஆண்டில் வோல்டா முதல் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தார். ஆனால் அது ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க காரீய - அமிலச் சேமக்கலத்தை 1859 ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிளாண்ட்டே உருவாக்கினார். இன்று படகிலும் லாரியிலும் உள்ள பேட்டரி அடிப்படையில் அதன் வழிவந்ததே.

இதில் நேர்மின்வாய் காரீய டை ஆக்சைடு, பழுப்பு நிறமானது. எதிர்மின்வாய் நுண்துளைகள் நிறைந்த சாம்பல் நிறக் காரீயம். இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் எடுக்கும்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட் படிகிறது. அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. மின்னேற்றம் செய்யும்போது இவ்வினை பின்னோக்கி நிகழ்கிறது. ஓர் அறைக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட், ஆறு அறைகள் தொடராக இணைந்தால் 12.6 வோல்ட்.

அமிலம் செலவாவதால் அதன் ஒப்படர்த்தி குறைகிறது. ஆகவே திரவமானி ஒன்று போதும், ஒவ்வோர் அறையிலும் எவ்வளவு மின்னேற்றம் எஞ்சியுள்ளது என்பதை அறிய. முழு மின்னேற்றத்தில் ஒப்படர்த்தி, கலத்தின் வகைக்கேற்ப 1.24 முதல் 1.28 வரை இருக்கும். தீர்ந்த நிலையில் 1.12 அளவுக்கு இறங்கிவிடும்.

தகட்டில் படிந்த சல்பேட்டை உடனே மின்னேற்றம் செய்து கரைத்துவிட்டால் தீங்கில்லை. நாட்கணக்கில் விட்டுவைத்தால் அது பெரிய படிகங்களாக இறுகிவிடும், பின் கரையாது. சும்மா கிடக்கும் பேட்டரியும் தானாகவே சிறிது சிறிதாக மின்னிறக்கம் அடையும்; வெயில் காலத்தில் இது மிகுதி. தடைக்காலம் ஏப்ரல், மே, ஜூன் என்ற கடுங்கோடையில் வருகிறது. எங்கள் பேட்டரி 61 நாட்களும் மின்னேற்றமின்றிக் கிடந்தது. நோய் அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்.

விளக்கு எரிவது சோதனை ஆகாது

“விளக்கு எரியுதே” என்ற வாதத்துக்கு வருவோம். மின்கலத்தின் முனைகளில் கிடைக்கும் மின்னழுத்தம், அதன் மின்னியக்கு விசையிலிருந்து, மின்னோட்டத்தையும் அகமின்தடையையும் பெருக்கி வரும் தொகையைக் கழித்தால் கிடைப்பது. இதுவே நாம் ஆய்வகத்தில் எழுதிய சமன்பாடு.

எடுத்துக்காட்டாக, நல்ல பேட்டரி ஒன்றின் அகமின்தடை 0.008 ஓம் எனக் கொள்வோம். தொடக்கி மோட்டார் 300 ஆம்பியர் இழுத்தால் உள்ளேயே 2.4 வோல்ட் இழப்பாகும். மீதம் 10.2 வோல்ட், எஞ்சின் சுழலும். பழுதடைந்த பேட்டரியில் அகமின்தடை 0.02 ஓம் ஆகிவிட்டால் இழப்பு 6 வோல்ட். மீதம் 6.6 வோல்ட்; மோட்டார் ‘டக்’ என்று நின்றுவிடும். ஆனால் அதே பேட்டரியில் ஒரே ஓர் ஆம்பியர் இழுக்கும் விளக்கைப் போட்டால் இழப்பு 0.02 வோல்ட் மட்டுமே! விளக்கு ஒன்றுமறியாதது போல் எரியும். சிறு சுமையைத் தாங்குவதால் பெருஞ்சுமையையும் தாங்கும் என்பது பொருளன்று. ஆய்வகப் பதிவேட்டில் நான் எழுதிய எண்ணின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

மாற்றுமுன் சோதிக்க வேண்டியவை

கரை வந்ததும் புதுப் பேட்டரி வாங்கிவிடலாம் என்றேன் நான். “முதல்ல எதனாலன்னு பாரு தம்பி. காசு போடுறது அப்புறம்” என்றார் தந்தை. அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது சோதனையில் தெரிந்தது. நாங்கள் செய்தவை நான்கு.

முதலாவது, பேட்டரியை முழுமையாக மின்னேற்றம் செய்து, ஓர் இரவு ஓய்வாக விட்டு, மறுநாள் முனை மின்னழுத்தத்தை அளந்தோம். ஓய்வு நிலையில் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் முழு நிறைவு, 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. எங்களுடையது 12.3 மட்டுமே காட்டியது.

இரண்டாவது, ஒவ்வோர் அறையிலும் ஒப்படர்த்தி பார்த்தோம். ஐந்து அறைகளில் 1.24, ஓர் அறையில் மட்டும் 1.10. ஓர் அறை பழுதானால் ஆறும் பழுதானதற்குச் சமம். ஏனெனில் எல்லா மின்னோட்டமும் அந்த அறையின் வழியாகவே செல்ல வேண்டும்.

மூன்றாவது, எஞ்சினைச் சுழற்றும்போதே மின்னழுத்தத்தை அளந்தோம். அது 7 வோல்ட்டுக்கு வீழ்ந்தது. நல்ல பேட்டரியில் இது 10 வோல்ட்டை ஒட்டியாவது நிற்க வேண்டும்.

நான்காவது சோதனையைச் சொன்னவர் எங்கள் ஊர் எஞ்சின் மெக்கானிக். சுழற்றும்போது பேட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே எவ்வளவு மின்னழுத்தம் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். ஏறத்தாழ சுழியாக இருக்க வேண்டிய இடத்தில் 0.9 வோல்ட் இருந்தது! உப்புக்காற்றில் பச்சை பூத்த கேபிள் முனையே காரணம். பேட்டரியை மட்டும் மாற்றியிருந்தால் இக்குறை அப்படியே இருந்திருக்கும். புதுப் பேட்டரியும் வீண்பழி சுமந்திருக்கும்.

எத்தகைய கலம்?

கடையில் வெளித்தோற்றத்தில் எல்லாப் பேட்டரிகளும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே இருக்கும் தகடுகளில்தான் வேறுபாடு.

எஞ்சின் தொடக்கப் பேட்டரியில் மெல்லிய தகடுகள் பல இருக்கும். பரப்பு மிகுதியாவதால் சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் தரவல்லது. ஆனால் அதை அடிக்கடி ஆழமாக மின்னிறக்கம் செய்தால் மெல்லிய தகடுகள் உதிர்ந்து விரைவில் கெடும்.

ஆழ்சுழற்சிப் பேட்டரியில் தகடுகள் தடித்தவை, எண்ணிக்கையில் குறைந்தவை. சிறிய மின்னோட்டத்தை நெடுநேரம் தரும். மீண்டும் மீண்டும் பாதிவரை இறக்கினாலும் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டர்களுக்குப் பயன்படும் குழாய்த்தகட்டுப் பேட்டரியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆனால் அவற்றுள் உயரமானவை ஆடும் படகில் சாயக்கூடும், அமிலம் சிந்தும். குட்டையானவற்றையே, பெட்டியில் வைத்து, வாரால் இறுகக் கட்ட வேண்டும்.

அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சி வைத்த ஏ.ஜி.எம். வகை, கூழாக்கிய ஜெல் வகை ஆகியவை சிந்துவதில்லை. நீர் ஊற்றவும் வேண்டியதில்லை. விலை கூடுதல். மிகை மின்னழுத்தத்தை, சிறப்பாக ஜெல் வகை, பொறுக்காது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை எடையில் காரீயத்தின் பாதிக்கும் குறைவு. கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பயன்படுத்தலாம். ஆயிரக்கணக்கான சுழற்சிகள் தாங்கும். ஆயினும் அதற்குக் காப்பு மின்சுற்றும், ஏற்ற மின்னேற்ற முறையும் வேண்டும். பழைய ஆல்ட்டர்னேட்டரில் அப்படியே பூட்டினால், அது ஓயாமல் பெரும் மின்னோட்டம் இழுத்து ஆல்ட்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும்.

பேட்டரியின் மேல் அச்சிட்ட எண்களையும் அறிந்துகொள்ள வேண்டும். ஆம்பியர்-மணி என்பது பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கு. 100 ஆம்பியர்-மணி என்றால் 20 மணி நேரத்துக்கு 5 ஆம்பியர் தரும் என்பது பொருள். ஒரு மணி நேரத்துக்கு 100 ஆம்பியர் தரும் என்பதன்று. விரைந்து எடுத்தால் மொத்தமும் குறையும். சி.சி.ஏ. என்பது -18 பாகை செல்சியசில் 30 விநாடிகளுக்கு, மின்னழுத்தம் 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் தரும் மின்னோட்டம், எம்.சி.ஏ. என்பது 0 பாகையில் அளந்தது. ஒரே பேட்டரிக்கு எம்.சி.ஏ. எண்ணே பெரிதாக இருக்கும். ஆகவே ஒன்றின் சி.சி.ஏ.யை மற்றொன்றின் எம்.சி.ஏ.யோடு ஒப்பிட்டு ஏமாறக்கூடாது. எஞ்சின் தயாரிப்பாளர் குறித்துள்ள அளவுக்குக் குறையாமல் வாங்குவதே நெறி.

எவ்வளவு பெரியது?

இதற்கு ஊகம் வேண்டாம், கூட்டல் போதும். குண்டு விளக்குகளை எல்.இ.டி. விளக்குகளாக மாற்றிய பின், எஞ்சின் நின்றிருக்கும் ஓர் இரவுக்கு எங்கள் படகின் கணக்கு இது:

நங்கூர விளக்கு: 0.25 ஆம்பியர் × 10 மணி = 2.5
தள விளக்குகள் இரண்டு: 3.3 ஆம்பியர் × 4 மணி = 13.2
வயர்லெஸ், கேட்கும் நிலை: 0.4 ஆம்பியர் × 10 மணி = 4
வயர்லெஸ், பேசும் நிலை: 5 ஆம்பியர் × 0.2 மணி = 1
ஜி.பி.எஸ்.: 0.5 ஆம்பியர் × 10 மணி = 5
எதிரொலிமானி: 1 ஆம்பியர் × 3 மணி = 3
செல்பேசிகளுக்கு மின்னேற்றம்: 1.5 ஆம்பியர் × 4 மணி = 6

மொத்தம் ஏறத்தாழ 35 ஆம்பியர்-மணி. பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால் இருமடங்கு, 70. முதுமைக்கும் வெப்பத்துக்கும் கால் பங்கு சேர்த்தால் 88. ஆகவே 100 ஆம்பியர்-மணி கொண்ட கலம் போதும். அன்றிரவு இரண்டு குண்டு விளக்குகள் மட்டும் 10 ஆம்பியர் வீதம் 9 மணி நேரத்தில் 90 ஆம்பியர்-மணியைக் குடித்திருந்தன! அந்தப் பேட்டரியின் மேல் எழுதியிருந்தது 130.

எல்லாக் கணக்கிலும் முதன்மையானது ஒன்று உண்டு. எஞ்சின் தொடக்கத்துக்கு ஒரு பேட்டரி, மற்றவற்றுக்கு வேறொரு பேட்டரி என்று பிரித்துவிட வேண்டும். படகு உரிமையாளர், “இத்தனை வருஷம் ஒன்றில்தானே ஓட்டினோம்?” என்று கேட்டார். தந்தை சொன்ன விடையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை: “திரும்பி வர்ற டீசலைக் கணக்குப் பண்ணித்தானே போறோம். திரும்பி வர்ற கரண்டைக் கணக்குப் பண்ணலையே!” உரிமையாளர் அதன்பின் மறுக்கவில்லை.

இரண்டையும் ஒரே ஆல்ட்டர்னேட்டரால் மின்னேற்ற வேண்டும்; ஆனால் ஒன்று மற்றொன்றை இறக்கிவிடக்கூடாது. சிலிக்கன் டையோடு பூட்டலாம் என்று நான் பெருமையோடு சொன்னேன். அதில் ஏறத்தாழ 0.7 வோல்ட் வீணாகும் என்பதை மறந்துவிட்டேன்; 14.4 வோல்ட் 13.7 ஆகிவிட்டால் பேட்டரி என்றும் நிறையாது. மெக்கானிக் வேறு வழி சொன்னார். மின்னேற்றம் நடக்கும்போது மட்டும் இரண்டையும் இணைத்து, நின்றதும் தானே பிரித்துவிடும் ரிலே ஒன்றைப் பூட்டினோம்.

மாற்றும் முறை

1. எஞ்சினையும் எல்லாச் சுமைகளையும் நிறுத்துக. எஞ்சின் அறை மூடியைத் திறந்து காற்றோட்டம் தருக. மின்னேற்றத்தின்போது வெளிவரும் ஹைட்ரஜன், காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே வெடிக்கும். பீடி, சிகரெட் கூடவே கூடாது.

2. எந்தக் கம்பி எந்த முனைக்கு என்று அடையாளம் இடுக. முதலில் எதிர்முனையைக் கழற்றுக; பிறகு நேர்முனை. பூட்டும்போது முதலில் நேர்முனை, இறுதியில் எதிர்முனை. இம்முறையை மாற்றினால், நேர்முனையில் இருக்கும் ஸ்பானர் எஞ்சின் உடலில் பட்டதும் தீப்பொறி பறக்கும்.

3. கேபிள் முனைகளைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, பளபளக்கத் தேய்க்க வேண்டும். சோடா நீர் பேட்டரி அறைக்குள் சிந்தக்கூடாது. முறுக்கிய பின் மேலே வாசலின் தடவுக. பச்சை உள்ளே ஊடுருவிய கேபிளை வெட்டி எறிவதே நன்று.

4. பேட்டரியை அடிநீர் எட்டாத உயரத்தில், அமிலம் தாங்கும் பெட்டியில் வைத்து அசையாமல் கட்டுக. கடல்நீர் அறைகளுக்குள் புகுந்தால் நச்சு வாயுவான குளோரின் உண்டாகும். எஞ்சினின் வெப்பம் நேரே படாதிருப்பதும் வேண்டும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவிதி.

5. பழையதோடு புதியதைப் பக்க இணைப்பில் சேர்க்க வேண்டாம். வலுவிழந்தது வலுவுள்ளதையும் இழுத்துக் கெடுக்கும்.

6. குறைந்த அளவுக்கு வாலைவடிநீர் மட்டுமே ஊற்றுக. குழாய் நீரும் கூடாது, அமிலமும் கூடாது. கண்ணாடியும் கையுறையும் அணிவது கோழைத்தனம் அன்று.

பழைய பேட்டரியைக் கடலிலோ கரையிலோ எறியக்கூடாது. காரீயம் நச்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். 2022 ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதை முறையான மறுசுழற்சிக்கே தர வேண்டும். புதியது வாங்கும் கடையில் கொடுத்தால் விலையிலும் கழிவு கிடைக்கும்.

முடிவுரை

புதிய பேட்டரிகள் பூட்டிய பின் நங்கூரத்தில் ஓர் இரவு முழுவதும் விளக்குகளை வேண்டுமென்றே எரியவிட்டோம். விடியலில் ஒன்றின் மின்னழுத்தம் 12.2, மற்றொன்றின் மின்னழுத்தம் 12.6. எஞ்சின் உடனே இயங்கியது. தந்தை ஒன்றும் சொல்லவில்லை. வோல்ட்மானியை என் கையிலிருந்து வாங்கி ஓட்டுநர் அறையில் ஆணியில் மாட்டிக்கொண்டார். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது.

என் தந்தை பள்ளிக்கு அதிகம் போனவர் அல்லர். நான் கணக்குப் போட்டேன். எதைக் கணக்கிட வேண்டும் என்பதை அவரும் மெக்கானிக்கும் சொன்னார்கள். இரண்டும் சேர்ந்தபோதுதான் படகு சரியாயிற்று.

நம் கல்லூரியில் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் பலர் உள்ளனர். தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கின்றன. நமக்கும் அப்போது விடுமுறை வருகிறது. ஒரு திரவமானியும் ஒரு வோல்ட்மானியும் கொண்டு நாம் ஐந்தாறு பேர் சென்றால் ஒரே நாளில் ஒரு துறையின் பேட்டரிகள் பலவற்றைச் சோதித்துவிடலாம். இயற்பியல் துறைப் பேராசிரியர்கள் இதற்கு இசைவும் வழிகாட்டலும் தந்து உதவ வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.